ஏழாம் நம்பர் வளையல்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சார். இந்தக் கதையில் ஒரு வளையல் சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்தின் மேல் எனக்கே பல வருஷமாகச் சந்தேகம். பதினேழு வருஷம் அதை ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, இது நிஜந்தானா என்று உட்கார்ந்து யோசித்தவனும் நான்தான்.

உங்கள் கையில் இருக்கும் பெட்டியைப் பார்த்ததும்தான் பேச்சு வந்தது. புது ஹெட்ஃபோன்தானே? எதிர்க் கடையில் வாங்கினீர்களா? அம்மா உள்ளே காது டெஸ்ட்டுக்குப் போயிருக்கிறார், நீங்கள் அந்த நேரத்தில் போய் இதை வாங்கி வந்துவிட்டீர்கள். நல்ல பொருத்தம். சரி, எந்தப் பாட்டைப் போட்டுப் பார்த்து வாங்கினீர்கள்?

கடைக்காரன் போட்டதையா! அதுதானே பார்த்தேன். ஒரு ஹெலிகாப்டர் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் பறந்திருக்குமே? அப்புறம் யாரோ கதவைச் சாத்துவான், கண்ணாடி உடையும், நெஞ்சுக்கூட்டில் யாரோ உலக்கையால் குத்துவது மாதிரி ஒரு டம்டம். நீங்களும் புருவத்தைத் தூக்கி, "பேஸ் சூப்பர்" என்றிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள். கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கிற அளவு கவனம்கூட இதில் கிடையாது.

நான் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கிறீர்களா? என் டெஸ்ட் பாதியில் நிற்கிறது. உள்ளே இருக்கிற பெண், "பத்து நிமிஷம் வெளியில ரெஸ்ட் எடுங்க சார், திரும்பப் பார்க்கலாம்" என்றாள். அவள் மெஷினில் கோளாறு. ஹெட்ஃபோனைப் பார்த்தீர்களா? பஞ்சு கிழிந்து தொங்குகிறது. அதில் போய் ஒருவனுடைய காதை அளக்கிறாளாம்.

நாங்கள் ஆறு பேர் சார். திருச்சி தில்லைநகரில், பல் டாக்டர் சம்பந்தம் வீட்டு மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை கூடுவோம். புதிதாக யார் என்ன வாங்கினாலும், ஹெட்ஃபோனோ ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ, அங்கே வந்து தேற வேண்டும். தேர்வு வைக்க எங்களிடம் பன்னிரண்டு பாட்டு இருந்தது. பாட்டு என்று சொல்லமாட்டோம், நம்பர் என்போம். ஒன்றாம் நம்பரில் தவில், இடி மாதிரி இறங்கவேண்டும், ஆனால் ஊதிப் பெருக்கக் கூடாது. நாலாம் நம்பர் எங்களில் ஒருவரான பாஸ்டின் கொண்டுவந்தது, சர்ச்சில் ஆர்கன். அதில் கடைசித் தாழ்ந்த ஸ்வரம் காதுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரியவேண்டும். ஒன்பதாம் நம்பரில் பாடுகிற அம்மாவுக்கு "ச" வரும்போதெல்லாம் நாக்கில் ஊசி வைத்த மாதிரி கூர்மையாக இருக்கும். மட்டமான ஹெட்ஃபோன் என்றால் நம் காதில் குத்தும்.

ஒவ்வொன்றிலும் எங்களுக்கு வேண்டியது நாற்பது விநாடிதான். அந்த நாற்பது விநாடி ஆனதும் நிறுத்திவிடுவோம். தாளம் போடக்கூடாது, தலையாட்டக்கூடாது, "ஆகா" சொல்லக்கூடாது. பிடித்த பாட்டைக் கொண்டுவரவே கூடாது. பிடித்த பாட்டு ஓட்டை ரேடியோவில் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கும், அதை வைத்து எதை அளப்பது? இந்த விதியெல்லாம் நான் போட்டது. டாக்டர் சம்பந்தம் ஒரு தடவை ஏதோ சினிமாப் பாட்டைக் கொண்டுவந்து, "என் கல்யாணத்தன்னைக்கு ஒலிபெருக்கியில போட்டாங்க கலியமூர்த்தி" என்று கண்ணைத் துடைத்தார். "டாக்டர், இது கருவியைப் பரிசோதிக்கிற இடம், உங்க கல்யாணத்தைப் பரிசோதிக்கிற இடம் இல்ல" என்றேன். அப்புறம் அவர் ஒழுங்காக இருந்தார்.

ஏழாம் நம்பர் என்னுடையது. அதுதான் வளையல்.

மன்னார்குடியில் ஜோதிலிங்கம் என்று ஒருவர். கோயில் உற்சவக் கச்சேரிகளையெல்லாம் அந்தக் காலத்தில் பெரிய ஸ்பூல் டேப்பில் பதிவு செய்துவைத்தவர். இரண்டே மைக், மேடைக்கு முன்னால் ஒரு கம்பத்தில். அவ்வளவுதான். அவர் எடுத்ததைக் கேட்டால் மேடையின் நீள அகலத்தைக் கையால் காட்டலாம், அப்படி இருக்கும். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவரைத் தேடிப் போனேன். ஒரு பழைய கச்சேரியைப் போட்டு, ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

"மூணாவது நிமிஷம், நிரவலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி வரும் தம்பி. அதுல தம்புரா போடற அம்மாவோட கைவளையல் அதோட குடத்துல ஒரு தடவை படும். இடப் பக்கம், பின்னாடி. நல்ல காதுன்னா கேட்கும்."

கேட்டேன். இடைவெளி வந்தது. போனது.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுதுங்க ஐயா" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ம். பெரிய காதுதான் உங்களுக்கு" என்று சொல்லி, சிடியில் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். எனக்கு அது பட்டம் வாங்கின மாதிரி இருந்தது சார். அவர் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

என்ன கேட்டீர்கள்? நிஜமாகவே கேட்டதா என்றா? கேட்டது என்றுதான் சொல்கிறேனே. அதாவது, அந்த இடத்தில் ஏதோ ஒன்று இருந்தது. இல்லாத மாதிரி இருந்தது என்று சொல்லமுடியாது. திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்பது தடவை போட்டுப் பார்த்தேன். பஸ் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? வீட்டில் போட்டேன். வீட்டில் இருந்தது பழைய ஹெட்ஃபோன். அதனால் வேறு வாங்கினேன். பிறகு அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர். பிறகு ஒயர். ஒவ்வொன்று வாங்கும்போதும் வளையல் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன், நோட்டு இருக்கிறது. "வளையல் முன்பைவிடத் தெளிவு" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மாடியில் மற்றவர்களுக்கு நான் ஏழாம் நம்பரை அறிமுகப்படுத்தினபோது, நானே எதிர்பார்க்காத அளவுக்குப் பிடித்துக்கொண்டார்கள். முதல் தடவை பாஸ்டின் கேட்டுவிட்டு, "ஒரு வளையல் இல்ல கலியமூர்த்தி, ரெண்டு" என்றார். டாக்டர் சும்மா இருப்பாரா? "ரெண்டுமே கண்ணாடி வளையல். தங்கம்னா வேற மாதிரி ஒலிக்கும்" என்றார். அடுத்த மாதம் ஒருவர் அதில் ஒன்றில் கீறல் விழுந்திருக்கிறது என்றார். இன்னொருவர், அந்த அம்மா கொஞ்சம் பருமனான ஆள், வளையல் கையில் இறுகியிருக்கிறது, அதனால்தான் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது என்றார். விட்டால் அந்த அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். பொய்யர்கள் சார், அத்தனை பேரும். கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல மனுஷனுக்கு எப்படித்தான் நாக்கு கூசாமல் வருகிறதோ.

நானா? நான் ஒரு வளையல் என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் சொன்னதில்லை.

ஆறாவது ஆளை நான் இன்னும் சொல்லவில்லை. செங்குட்டுவன். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ரயில்வேயில் ஃபிட்டர். அவனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் சம்பந்தமே கிடையாது. டாக்டரின் ஸ்பீக்கருக்கு ஆடாத ஸ்டாண்டு வேண்டும் என்றபோது நான்தான் அவனைக் கூட்டிப் போனேன். இரும்பை அறுத்து, உள்ளே மணல் நிரப்பி, தூக்கினால் முதுகு ஒடிகிற மாதிரி ஒன்று செய்து கொடுத்தான். அப்புறம் அவனாகவே ஒவ்வொரு இரண்டாம் ஞாயிறும் வர ஆரம்பித்தான். வா என்று நானும் சொன்னேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அவனுக்கு விதியே புரியாது. தொடையில் தாளம் போடுவான். நாற்பது விநாடியில் நிறுத்தினால், "மாப்ள, இன்னும் கொஞ்சம் விடேன், இப்பத்தான் சூடு பிடிக்குது" என்பான். "சாம்பார் வாசனை காட்டிட்டு இலையை எடுக்கிறீங்களேப்பா" என்று எல்லாரையும் பார்த்துச் சிரிப்பான். எனக்கு மானம் போகும். ஒருநாள் பாஸ்டின் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க ஃப்ரெண்டு பாட்டுக் கேட்கிறதுக்குன்னு வர்றார் போல" என்றார். கிண்டலாகத்தான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதத்து ஞாயிறு. டாக்டர் வெளிநாட்டிலிருந்து ஒரு ஹெட்ஃபோன் வரவழைத்திருந்தார். எங்களில் யாரும் அதுவரை தொட்டே பார்க்காத ரகம். ஏழாம் நம்பரைப் போட்டு வரிசையாகக் கைமாற்றினோம். டாக்டர் கேட்டார், "வளையல்!" என்றார். பாஸ்டின் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினார். மற்ற இரண்டு பேரும் கேட்டாயிற்று. நான் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

கடைசியில் செங்குட்டுவன். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். நாற்பது விநாடி ஆயிற்று, அவன் எடுக்கவில்லை. டாக்டரும் நிறுத்தவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். எல்லாரும் அவனையே பார்க்கிறோம், அவன் தொடையில் தாளம் போகிறது. நான் எழுந்து போய் அவன் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"வளையல் கேட்டுச்சா?"

"எந்த வளையல் மாப்ள?"

"மாசாமாசம் சொல்றோமே, அந்த வளையல்தான். இந்த ஹெட்ஃபோன்லயும் கேட்கலையா?"

"இல்லையே. நானும் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். நீங்கல்லாம் சொல்றீங்க, சரி, இருக்கும்னு விட்டுடுவேன். இன்னைக்கு நல்லாத்தான் கேட்டேன், அந்த இடத்துல ஒண்ணும் இல்லையேப்பா. அவரு மூச்சு இழுக்கிறாரு. அது கேட்குது."

டாக்டர் தரையைப் பார்த்தார். பாஸ்டின் தன் இரண்டு விரலைப் பார்த்தார். எல்லாரும் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன தோன்றியது என்பது மட்டும் தெரியும். இவன் இன்னும் ஒரு வார்த்தை பேசினால் எல்லாம் சரிந்துவிடும் என்று தோன்றியது. எது சரியும்? அதை அப்போது யோசிக்கவில்லை.

"பொழுதன்னைக்கும் இரும்படிச்ச காதுடா உன்னுது. அதுல வளையலா கேட்கும்? தண்டவாளத்தைப் போட்டு அடிச்சாத்தான் கேட்கும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப நேரம் சிரித்தார்கள். பாஸ்டினுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

செங்குட்டுவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு ஹெட்ஃபோன் ஒயரை முறுக்கு விழாமல் சுற்றி, பெட்டியில் அது இருந்த பள்ளத்தில் அப்படியே வைத்து மூடினான். "வரேம்ப்பா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவ்வளவுதான். அப்புறம் வரவில்லை. என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில்தான் இருக்கிறான். பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. அவன் பேசவில்லை. ஒரு ஜோக்கைத் தாங்க முடியாதவனிடம் நான் எதற்காகப் போய்ப் பேசவேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

இல்லை, இப்போது கூப்பிட்டது என்னை இல்லை. உங்கள் அம்மாவும் இல்லை. உட்காருங்கள்.

போன மார்கழியில் அவன் தெரு வழியாகப் போகவேண்டி வந்தது. சாயங்காலம். மாடி ஜன்னலிலிருந்து பாட்டு. என் பழக்கம், பாட்டைக் கேட்கமாட்டேன், ஒலியைக் கேட்பேன். ஸ்பீக்கர் சாதாரணம், வீட்டிலேயே அடித்த பெட்டி, கொஞ்சம் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறான், ஆனால் பதிவு? பதிவு பிரமாதம். யாரோ பாடுகிறார். எதிரில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. தெருவில் நின்றுவிட்டேன். இது என்ன பாட்டு, இவ்வளவு நாள் நம் காதில் படாமல் எங்கே இருந்தது என்று யோசிக்கிறேன். சாதாரணமாக எனக்கு அப்படித் தோன்றாது சார். பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது. திடீரென்று ஒரு இடம் வந்தது.

ஏழாம் நம்பர்.

பதினேழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன்! அந்த நாற்பது விநாடி வரும்வரை எனக்கு அது என்ன என்றே தெரியவில்லை. அந்த இடைவெளி வந்தது. மூச்சு இழுத்தார். தெருவில் நின்ற எனக்கே கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு மேலே போனது, நான் அதுவரை போகாத இடத்துக்கு.

என் காப்பியில் அப்படி இருக்காது. என்னுடையதில் அடியில் ஒரு ரீங்காரம் ஓடும். நான் அதை டேப்பின் வயசு என்று நினைத்திருந்தேன். இதில் அது இல்லை. அப்படியென்றால் இவனிடம் இருப்பது காப்பியே இல்லை, அசல். இரும்படிக்கிறவனிடம் அசல்! ஒரு ஸ்பூல் டேப்பை எந்தப் பக்கம் மாட்டுவது என்றாவது தெரியுமா இவனுக்கு?

அடுத்த நாளே மன்னார்குடிக்குப் பஸ் ஏறினேன்.

ஜோதிலிங்கத்துக்கு இப்போது எண்பதுக்கு மேல். ஆளை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க, பெரிய காது" என்றார். எனக்கு அந்த வார்த்தை இந்தத் தடவை இனிக்கவில்லை.

"அந்த வளையல் டேப்போட அசல் எங்கங்க ஐயா?" என்றேன்.

"அது உங்க ஊர்லதானே இருக்கு. ரயில்வேக்காரர் ஒருத்தர். செங்குட்டுவன்."

"அவன் எப்ப வந்தான்?"

"ஆச்சு, பத்துப் பதினோரு வருஷம். ஒரு ஆடி மாசம். ஒரு புதன்கிழமை லீவு போட்டுட்டு வந்தாரு. வந்து நின்னுக்கிட்டே கேட்டாரு, 'ஐயா, எல்லாருக்கும் வளையல் கேட்குது, எனக்கு மட்டும் கேட்கலை, டேப்புல பழுதா, என் காதுல பழுதா, சொல்லிடுங்க. காதுன்னா இப்பவே டாக்டரைப் பார்த்துடறேன்'னு. முகம் செத்துப்போயிருந்துச்சு தம்பி. யாரோ என்னமோ சொல்லியிருக்காங்க."

நான் அங்கே இருந்த மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "அந்தக் கச்சேரியைக் கேட்டு நிறைய பேர் வருவாங்க. எல்லார்கிட்டயும் வளையலைச் சொல்லுவேன். நாற்பத்திரண்டு பேருக்குக் கேட்டுச்சு. ஒருத்தர் அது வலது கைன்னாரு. நீங்ககூட அடுத்த வாரம் போன் பண்ணி, கண்ணாடி வளையல்தானேன்னு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அப்படி நான் கேட்டிருக்க வழியில்லை. கண்ணாடி என்று சொன்னது டாக்டர். உங்களிடம் கொஞ்சம் முன்னால் அப்படித்தானே சொன்னேன்?

அவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு போட்டோ, அந்தக் கச்சேரியின் போட்டோதான், தேதியோடு. முதல் தடவை நான் வந்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் மெஷினைத்தான் பார்த்தேன், சுவரை யார் பார்த்தது? நடுவில் பாடகர். பக்கத்தில் வயலின், மிருதங்கம். பின்னால் தம்புரா. தம்புரா போடுகிறவர் ஒல்லியான ஒரு ஆள், முழுக்கைச் சட்டை, மீசை.

"என் மச்சினன்" என்றார் ஜோதிலிங்கம். "அவன் கையில வளையலுக்கு எங்க போறது?"

சற்றுமுன் இங்கே டெஸ்ட் ரூமில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் சார், சொல்லாமல் விட்டால் எனக்கே நன்றாக இல்லை. சத்தம் கேட்டால் இந்தப் பொத்தானை அமுக்குங்கள் என்றாள் அந்தப் பெண். அமுக்கினேன். நிறைய அமுக்கினேன். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி, "சார், நடுவுல நான் சத்தமே குடுக்கலை. ஆறு தடவை அமுக்கியிருக்கீங்க" என்றாள். அதுதான் நடந்தது. மெஷின் கோளாறாகவும் இருக்கலாம். பஞ்சு கிழிந்திருப்பது நிஜம்.

மன்னார்குடியை முடித்துவிடுகிறேன். உங்கள் அம்மா வந்துவிடுவார்.

ஜோதிலிங்கத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு மனுஷனை இப்படியா ஏமாற்றுவது? பதினேழு வருஷம்! எத்தனை ஹெட்ஃபோன், எத்தனை ஒயர். கத்தவேண்டும் என்றுதான் எழுந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவனுக்கு ஏன் அசலைக் கொடுத்தீங்க?"

"கேட்கலைன்னு சொன்ன ஒரே ஆள் அவருதான். உட்கார வச்சு முழுக் கச்சேரியும் போட்டேன். ரெண்டரை மணி நேரம். அசையலை. முடிஞ்சதும், அந்த மூச்சு இழுக்கிற இடம்தான் தூக்கிப்போடுதுங்கன்னாரு. எனக்கு அப்புறம் இது யார்கிட்ட இருக்கணும்னு பல வருஷமா யோசிச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. யோசிக்கிற வேலை அன்னைக்கு முடிஞ்சுது. எங்கயோ கழிச்சுக்கட்டின ஸ்பூல் மெஷின் ஒண்ணைப் பிடிச்சு அவரே சரி பண்ணிக்கிட்டாரு. மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவாரு. இன்னைக்கு முழுசும் கேட்டேங்க ஐயா, அப்படின்னு மட்டும் சொல்லிட்டு வச்சுடுவாரு."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"உங்களையா? உங்களை அவருக்குத் தெரியுமா?" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அவரும் சரி என்றார். தெருவில் இறங்கிப் பத்தடி நடந்திருப்பேன். திரும்பிப் போனேன். அவர் இன்னும் அதே நாற்காலியில் இருந்தார், அந்தப் போட்டோவுக்குக் கீழே. செருப்போடு வாசற்படியிலேயே நின்றுகொண்டு கேட்டேன்:

"ஐயா, அன்னைக்கு எனக்கும் ஒண்ணும் கேட்கலைன்னு நான் சொல்லியிருந்தா, அதை எனக்குக் கொடுத்திருப்பீங்களா?"